எல்.கே.ஜி.க்கு முந்தைய இரண்டு மாதங்கள்: உலாக்களின் வழியாகக் குழந்தையைப் பள்ளிக்குப் பழக்கும் முறை

ஜூன் மாதத்தில் எல்.கே.ஜி. சேரவிருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் குடும்பமாக வெளியே செல்லும் நேரங்களைச் சற்றே திட்டமிட்டு அமைத்துக்கொள்வதன் மூலம் முதல் வாரத்து அழுகையைப் பெருமளவு குறைக்க முடியும் என்பதை எங்கள் மகளைச் சேர்த்தபோது கண்டுகொண்டோம். எழுத்தும் எண்ணும் இந்த வயதில் பெரிய சிக்கலாக இருப்பதில்லை. காலணி, டிபன் பாக்ஸ், கழிவறை, அம்மாவும் அப்பாவும் கண்ணில் படாத சில மணி நேரம் ஆகிய நான்கில்தான் குழந்தை தடுமாறுகிறது. இந்த நான்கையும் கடற்கரையிலும் பூங்காவிலும் பேருந்திலும் வைத்தே பழக்கிவிடலாம்.

பிறப்புச் சான்றிதழ், சேர்க்கை விண்ணப்பம், சீருடை அளவு போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் பள்ளி அலுவலகமே சொல்லிவிடும். உங்கள் பள்ளி ஏப்ரலிலேயே தொடங்குமானால் எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்னதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இடங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை. கடலூரில் இருப்பவர்களுக்கான மாற்று இடங்களைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

படி 1: உலாவைக் காலைக்கு மாற்றுங்கள்

நம்மில் பெரும்பாலோர் குழந்தையை மாலையில்தான் வெளியே அழைத்துச் செல்கிறோம். வீடு திரும்பி, சாப்பிட்டு, உறங்கப் பத்தரை மணி ஆகிறது. மறுநாள் எட்டரைக்குக் கண் விழிக்கும் குழந்தையை ஜூன் மாதத்தில் திடீரென்று ஆறரைக்கு எழுப்பினால் அது அழாமல் என்ன செய்யும்? மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பள்ளி தொடங்கியதும் பகல் தூக்கம் குறைந்துவிடும் என்பதால், ஆறரைக்கு எழ வேண்டிய குழந்தை இரவு எட்டரைக்குப் படுத்தாக வேண்டும்.

இதற்கு மிகவும் உதவுவது கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. அந்த நேரம் முடிவதற்குள் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்து திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சீக்கிரம் எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பள்ளிக்குப் போட்டுச் செல்லவிருக்கும் ஷூ, சாக்ஸ் ஆகியவற்றையே அணிவித்து, முதுகில் பையுடன் நடக்க விடுங்கள். புது ஷூ குதிகாலில் கடிக்குமா என்பது முதல் நாள் வகுப்பில் தெரிவதைவிட இங்கே தெரிவது நல்லது. கயிறு கட்டும் ஷூவை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெல்க்ரோ ஒட்டும் ஷூவே இந்த வயதுக்கு ஏற்றது. பள்ளி கயிறு வைத்த ஷூதான் வேண்டும் என்று வற்புறுத்தினால், முதல் பருவம் வரையிலாவது விலக்குக் கேளுங்கள்; பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

படி 2: டிபன் பாக்ஸோடு தாவரவியல் பூங்காவுக்கு

1826 இல் உருவாக்கப்பட்ட நம் தாவரவியல் பூங்காவில் நிழலுக்குப் பஞ்சமில்லை. பாய் ஒன்றை விரித்து, வீட்டில் ஊட்டும் பழக்கத்தை அங்கே நிறுத்திவிட்டு, பாக்ஸைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை நீளமாக இருக்காது. இருபது நிமிடத்திற்குள் திறந்து, சாப்பிட்டு, மூடி, பைக்குள் வைக்கும் வரை நீங்கள் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இட்லியையும் தோசையையும் துண்டுகளாக்கி வைத்தால் போதும். குழம்பு சாதம் முதல் மாதத்திற்கு வேண்டாம்.

பக்கவாட்டில் இரண்டு கிளிப் உள்ள எவர்சில்வர் பாக்ஸ் பார்க்க அழகாக இருந்தாலும் அதன் கிளிப்பைத் தூக்கச் சின்ன விரலுக்கு வலு போதாது. நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் பாக்ஸ் அதைவிட மோசம். இழுத்தால் கழன்றுவரும் சாதாரண மூடியுள்ள சிறிய எவர்சில்வர் டப்பாவே என் தேர்வு. பைக்குள் சிந்தாமலிருக்க அதை ஒரு துணிப்பையில் நிமிர்த்தி வைத்துவிடலாம். தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சுகுழாய் உள்ள வகையைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் குழாயின் உட்பகுதியைச் சரியாகக் கழுவ முடிவதில்லை. திருகு மூடி பழகச் சில நாள் ஆகும், ஆனால் பழகிவிட்டால் கவலை இல்லை.

பூங்காவில் சிறுவர் ரயில் உண்டு என்றாலும் எல்லா நாளும் ஓடும் என்று நம்பிக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓடினால் ஏற்றிவிடுங்கள், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு. சாப்பிடுவதற்கான லஞ்சமாக அதை ஆக்கிவிட்டால், பள்ளியில் ரயில் எங்கே என்று கேட்கும்.

படி 3: சொல்லிவிட்டுப் பிரிவது

பிரிவதற்கு அஞ்சும் இயல்பு ஏறத்தாழ 10 முதல் 18 மாத வயதில் உச்சத்திலிருந்து, மூன்று வயது வாக்கில் தணியத் தொடங்குவது வழக்கம். ஆயினும் புதிய இடத்தையும் புதிய மனிதர்களையும் சந்திக்கும்போது அது மீண்டும் தலைதூக்கும். நம் வீடுகளில் இதற்குக் கையாளும் வழி, குழந்தையின் கவனத்தை வேறெங்கோ திருப்பிவிட்டுப் பின்பக்கமாக நழுவிவிடுவது. அன்றைக்கு அழுகை இராது என்பது உண்மைதான். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்று குழந்தை கற்றுக்கொள்வதால், மறுநாளிலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்த கையை விடாது.

பாரதி பூங்கா இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம். குழந்தைக்கு நன்கு பழகிய சித்தியோ தாத்தாவோ உடனிருக்க வேண்டும். நடுவில் உள்ள ஆயி மண்டபம் வெள்ளை வெளேரென்று எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால் அதையே அடையாளமாகக் கொள்ளலாம். குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து, "அம்மா அந்த மண்டபத்த ஒரு சுத்து சுத்திட்டு வரேன், நீ சித்தியோட உக்காந்து வாழைப்பழம் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்னும் கணக்கெல்லாம் இந்த வயதில் பொருள்படாது. ஒரு செயலின் முடிவைத்தான் குழந்தையால் எதிர்பார்த்துக் காத்திருக்க முடியும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, அவ்வளவுதான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தால் உங்களுக்கே உறுதி இல்லை என்று அது புரிந்துகொள்ளும். சொன்ன நேரத்திற்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள். அடுத்த முறை மண்டபத்திற்கு அப்பால் கண்ணில் படாத தொலைவுக்குச் செல்லலாம். அதற்கடுத்து சித்தி வீட்டிலேயே அரை நாள் விட்டுவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும் காந்தி வீதி போன்ற நெரிசலான இடத்தில் இந்தப் பயிற்சி கூடவே கூடாது. எந்த உலாவாக இருந்தாலும் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய சீட்டு குழந்தையின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். "சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்", "ஸ்கூல்ல போட்டாத்தான் நீ அடங்குவ" என்று விளையாட்டாகச் சொல்வதைக் குழந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: கழிவறை (இதை மட்டும் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்)

எங்கள் வீட்டில் மற்றவை எல்லாம் எளிதாக முடிந்து, இந்த ஒன்றுதான் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. இன்றைய குடியிருப்புகளில் பெரும்பாலும் உட்காரும் வகைக் கழிவறையே இருக்கிறது. பள்ளியிலோ தரையோடு பதித்த இந்திய வகை. அதைக் கண்டு மிரண்ட குழந்தை நம்மிடம் எதையும் சொல்லாது. காலையிலிருந்து அடக்கி வைத்துக்கொள்ளும். அடக்குவதற்கு வசதியாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். இது தொடர்ந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும், வயிறு வலிக்கிறது என்று காலையில் அழும், நாமோ பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம்.

எனவே சேர்க்கைக்குச் செல்லும் நாளில் வகுப்பறையைப் பார்ப்பதற்கு முன்பே சிறுவர்களுக்கான கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வகை, தாழ்ப்பாள் எந்த உயரத்தில், குழாய் எட்டுமா, உடன் வரும் ஆயாம்மா யார் என்பவற்றைக் கவனித்துக்கொண்டால், உலாக்களில் எதைப் பழக்குவது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் வீட்டுத் தரையில் இரண்டு செங்கல் அகலத்திற்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் வைத்துக் குந்தி எழும் விளையாட்டைத் தொடங்குங்கள். குந்தும்போது பின்னால் சாயாமல் இருப்பது ஒரு பழக்கம்தான். சில நாளில் வந்துவிடும். பிறகு இந்திய வகைக் கழிவறை உள்ள உறவினர் வீட்டிற்குப் போகும்போதெல்லாம் அதையே பயன்படுத்தச் செய்யுங்கள். மூன்றாவதாக, வெளியே சாப்பிடச் செல்லும் ஓட்டல். அங்கே நீங்கள் கேட்காமல் குழந்தையையே பரிமாறுபவரிடம், "அண்ணா, பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்கச் சொல்லுங்கள். வகுப்பில் எழுந்து நின்று கேட்பதற்கு இதைவிடச் சிறந்த ஒத்திகை எனக்குத் தெரியவில்லை. முதலில் முகத்தை மறைத்துக்கொள்ளும், நீங்கள் குறுக்கிடாமல் காத்திருந்தால் மெல்லக் கேட்டுவிடும். ஈரத் தரை, மங்கிய வெளிச்சம், வாளியும் குவளையும், பக்கத்தில் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் ஆகிய எல்லாவற்றையும் அங்கே உங்கள் கையைப் பிடித்தபடி ஒருமுறை கடந்துவிட்டால், பள்ளியில் பாதி அச்சம் இல்லாமல் போகும். தாழ்ப்பாளைப் போடவே வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் அந்தப் பயம் எளிதில் போகாது.

உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையே வேண்டும். கொக்கி, ஜிப், பெல்ட் ஆகிய மூன்றும் அவசர நேரத்தில் எதிரிகள்; சீருடையில் அவை இருந்தால் தையற்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக்காக மாற்றிவிடலாம். மாற்று உடை ஒன்றைப் பையின் அடியில் வைத்து, அது அங்கே இருக்கிறது என்பதைக் குழந்தையிடமும் சொல்லிவிடுங்கள். நனைத்துவிட்டால் திட்டுவார்கள் என்ற எண்ணம் நீங்கினாலே அடக்கி வைப்பது குறையும்.

படி 5: வேன் பயணம்

பள்ளி வேனில் அனுப்பவிருந்தால், புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒருமுறை பேருந்தில் சென்று வாருங்கள். ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மடியில் உட்கார வைக்காமல் தனி இருக்கையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகட்டும். வாந்தி வரும் உடல்வாகா என்பதும் அன்றே தெரிந்துவிடும். அப்படியானால் காலையில் பால் கொடுத்தவுடன் வேனில் ஏற்றாமல், அரை மணி முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

படி 6: பள்ளி தொடங்கிய பிறகு

முதல் மாதத்தில் உலாக்களைக் குறைத்து, சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பாறு படகுச் சவாரியோ கடற்கரையோ, எதுவானாலும் சனிக்கிழமையோடு முடிந்துவிட வேண்டும். ஞாயிறு மாலையை வீட்டிலேயே கழித்து, பையை அடுக்கி, எட்டரைக்குப் படுக்க வைத்தால்தான் திங்கட்கிழமை காலை அமைதியாக விடியும். பிச்சாவரம் போன்ற முழுநாள் பயணங்களை ஆயுதபூஜை விடுமுறைக்கு ஒத்திவைப்பதே நல்லது. "அழாம போனா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்ற பேரம் வேண்டவே வேண்டாம். அழுகையை விலை பேசக் கற்றுக்கொண்ட குழந்தையிடம் விலை ஏறிக்கொண்டே போகும்.

வாசகர்கள் கேட்டதால் பின்னர்ச் சேர்த்தவை

கடலூரில் இருப்பவர்களுக்கு: காலை நடைக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் உண்டு. பிரிந்து பழகுவதற்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் பிராகாரம் பொருத்தமானது. தாத்தாவோடு குழந்தையை உட்கார வைத்துவிட்டு ஒரு சுற்று வலம் வந்துவிடலாம். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி, திரும்பி வந்து தானே மாட்டிக்கொள்ளும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கிறது. கல் சுடாத காலை நேரத்தில் செல்லுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எந்த உலாவும் வேண்டாம்.

முதல் வாரம் சிரித்துக்கொண்டே சென்ற மகன் மூன்றாவது வாரத்தில் அழத் தொடங்கிவிட்டான் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். புதுமை தீர்ந்து, இது நாள்தோறும் நடக்கப்போவது என்று புரியும்போது பல குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு. காய்ச்சலுக்கோ நீண்ட விடுமுறைக்கோ பிறகும் ஆகும். படி 3 இன் பூங்காப் பயிற்சியை மீண்டும் ஒரு சனிக்கிழமை செய்துவிட்டு, பள்ளி வாசலில் விடைபெறுவதை முன்போலவே சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகிறது என்பதற்காக நடுவில் நாட்களை விட்டு விட்டு அனுப்பினால், ஒவ்வொரு முறையும் முதல் நாளாகவே இருக்கும். ஆனால் வாந்தி, வயிற்றுவலி, இரவில் அலறி எழுவது போன்றவை நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குழந்தை நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் காலை உலா எப்படி என்று கேட்டவருக்கு: வாரம் ஒரு காலை போதும், ஆனால் எழும் நேரத்தை ஏழு நாளும் மாற்றாதீர்கள். பள்ளியில் கொண்டுபோய் விடப்போவது தாத்தாதான் என்றால் பூங்காவில் விடைபெற்றுப் பழக வேண்டியவரும் அவரே. உங்களுக்குப் பதில் அவரை மண்டபத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள்.