காரணம் உங்களுடையதாக இருக்கட்டும்: பைக்கை விட்டுச் சைக்கிளுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவைப் போலச் சைக்கிளுக்கு வாகான நிலம் தமிழ்நாட்டில் குறைவு. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் கிடையாது. ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான் நமக்கு மேடு. அப்படி இருந்தும், "இனிமே சைக்கிள்தான்" என்று ஆசையாகத் தொடங்குகிறவர்களில் பலர் ஒன்றிரண்டு மாதத்திலேயே பைக் சாவியைத் தேடுகிறார்கள். எனக்குக் கும்பகோணத்தில் வேலை, சுவாமிமலைப் பக்கம் வீடு. வருடக்கணக்காகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். தொடங்கி விட்டுவிட்டவர்கள் பலரோடு பேசியும் இருக்கிறேன். உடம்பில் தெம்பு இல்லாமல் விட்டவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் காரணத்தை யாரிடமிருந்தோ இரவல் வாங்கியிருந்தார்கள். அல்லது சைக்கிள், நேரம், பாதை எல்லாவற்றையும் பைக் ஓட்டுகிற பழக்கத்திலேயே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இரவல் காரணங்களில் முதலாவது பெட்ரோல். வேலைக்குப் போக வர ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 25 நாளுக்கு 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற பைக்குக்கு 6 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று தோராயமாகப் பிடித்தால் மிச்சம் 600 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது நல்ல தொகை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு என்று பார்த்தால் 24 ரூபாய். ராத்திரி சரியாகத் தூங்காத ஒரு காலையில் அந்த 24 ரூபாய் யாரையும் சைக்கிளில் ஏற்றிவிடாது. வாசலில் நிற்கிற பைக்குக்குத் தவணையும் இன்சூரன்ஸும் கட்டிக்கொண்டே பெட்ரோலை மட்டும் மிச்சம் பிடிக்கிறவர் சீக்கிரம் சலித்துப்போவார். வீட்டுக்கு இரண்டாவது பைக் வாங்காமலே சமாளிக்கிறார்களே, உண்மையான மிச்சம் அவர்களுக்குத்தான்.

அடுத்தது தொப்பை. 60 கிலோ எடை உள்ளவர் நிதானமாக அரை மணி நேரம் மிதித்தால் 150 முதல் 200 கலோரி வரை செலவாகும். கடைத்தெருவில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டிகிரி காபியும் அதைச் சரிக்கட்டிவிடும். எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் ஏமாற்றம்தான். உடம்புக்கு நல்லதா என்றால், சந்தேகமே வேண்டாம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக அரை மணி, வர அரை மணி என்றால் மூன்றே நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதன் பலனைத் தூக்கத்திலும் மூச்சிலும் பாருங்கள். எடை மெஷினில் தேடாதீர்கள்.

என் காரணம் வேறு. இந்த மண்ணில் நடப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் எனக்கு. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்கிற வருடங்களில், மூன்று நான்கு நாளில் அது கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, பிறகு எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு வரும். முதல் தண்ணீர் தெளிவாக வராது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். வெடித்துக் கிடக்கிற வாய்க்கால் தரையில் ஒரு வெடிப்புக்குள் இறங்கும், அது நிரம்பியதும் ஓரடி நகரும், அடுத்த வெடிப்பில் மறுபடி நிற்கும். உள்ளே இருந்த பூச்சிகள் மேலேறி ஓட, கொக்குகள் தண்ணீருக்கு முன்னாலேயே நடந்து வரும். சைக்கிளில் வருகிறவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றால் போதும், எல்லாம் தெரியும். காய்ந்த மண் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். என்ஜின் ஓடினால் அது காதில் விழாது. மதகடியில் நிற்கிறவர் "வந்துருச்சு பாத்தீங்களா தம்பி" என்பார். குறுவை நாற்று பச்சை பிடிப்பதும், அடுத்த போகமான தாளடிக்கு உழுவதும், அறுப்பு முடிந்து தரிசாகக் கிடப்பதும் எனக்கு இந்த அரை மணி நேரத்தில்தான் கிடைக்கிறது. எத்தனை அலுப்பான காலையிலும் இந்தக் காரணம் என்னைக் கிளப்பிவிடுகிறது.

உங்களுக்கும் இதே காரணம் இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கவலைக்கும் ஆபீஸ் கவலைக்கும் நடுவில் யாரும் போனில் பிடிக்க முடியாத அரை மணி நேரம் வேண்டும் என்பதற்காகவே சைக்கிளில் வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கும், கொண்டுபோய் விடுகிற அண்ணனுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் தானே கிளம்பிப் போக முடிந்தது. ஊர்ப்பேச்சு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அவர்கள் இறங்கவில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய சொந்தத் தேவை.

இனி சைக்கிள் வாங்குவது. கடையில் போய் நின்றதும் கண் போவது பருமனான டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் 21 கியரும் உள்ள வண்டியின் மேல்தான். அது மேடு பள்ளத்துக்குச் செய்தது. சமதரையில் ஒவ்வொரு மிதிக்கும் ஷாக் அப்சார்பர் அமுங்கி எழுந்து, காலின் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முரட்டு டயர் தார் ரோட்டில் இரைந்துகொண்டே பின்னால் இழுக்கும். நமக்கு வேண்டியது சாதாரண டயர், மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல். கியர் இருந்தால் எதிர்காற்றில் உதவும், இல்லாவிட்டால் குறையில்லை. வேட்டி, புடவை, சுடிதார் எது கட்டினாலும் செயின் கவர் அவசியம். பல வீடுகளில் 11-ஆம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் கொல்லையில் சும்மா நிற்கிறது. புதிது வாங்கும் முன் அதைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஓவராயில் பண்ணி, டயர் ட்யூப் மாற்றி ஓட்டிப் பாருங்கள். புதுக்கோட்டைப் பெண்கள் லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி, பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள்.

சீட் உயரத்தைப் பற்றி இரண்டு வரி. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். முட்டி வலி அங்கேதான் தொடங்குகிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். டயரில் காற்றை வாரம் ஒரு தடவை பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மேடில்லாத ஊரில் காற்றுதான் மேடு. ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழியே இருக்கிறது. காலையில் கும்பகோணம் போகிறபோது அது என் முதுகில் கைவைத்துத் தள்ளும். சாயங்காலம் மேற்கே திரும்பினால் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக, எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உங்கள் மேல் மோதுகிற வேகம் இரட்டிப்பு, எதிர்ப்பு நான்கு மடங்கு. இது தெரியாதவர்கள் உடம்பு ஒத்துழைக்கவில்லை, வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனி ஆடியில் புதிதாகத் தொடங்கி, ஆவணிக்குள் விட்டவர்கள் இதனால்தான் விட்டார்கள். அந்த மாதங்களில் திரும்பிவர 10 நிமிடம் கூடுதலாக வையுங்கள். மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எதிர்ப்பு நன்றாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், கணக்கு அப்படியே திரும்பிவிடும். புதிதாகத் தொடங்க எனக்குப் பிடித்த மாதம் தை. வெயில் ஏறவில்லை, மழை நின்றுவிட்டது, வயலெல்லாம் கதிர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பைக்கில் போன அதே ரோட்டில் சைக்கிளிலும் போவது. இது உயிர் சம்பந்தப்பட்டது. தஞ்சாவூர் ரோட்டில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிறபோது ஓரத்தில் போகிற சைக்கிளுக்கு இடமே இருக்காது. நாலு வழிச்சாலையில் வண்டிகள் வருகிற வேகம் வேறு. ஆனால் இந்த டெல்டாவில் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் கரை உண்டு, கரைமேல் பாதை உண்டு, ஊரையும் ஊரையும் இணைக்கிற கிராமச் சாலைகள் வலை பின்னியது போல இருக்கின்றன. ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் அதில் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாகச் சுற்றி வழி கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் கேட்டால் மேப்பில் இல்லாத குறுக்கு வழியும் சொல்வார்கள்.

கரைப் பாதைக்கும் அதற்கான ஜாக்கிரதை வேண்டும். மூங்கில் புதர் உள்ள படுகையில் முள் கிடக்கும், டயரின் ஓரத்தில் ஏறினால் அன்றைக்குத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். உழவு நாளில் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ரோட்டில் ஏறிய இடத்தில் சேறு கட்டி கட்டியாக விழுந்திருக்கும், மழை பெய்தால் அது வழுக்கும். அங்கே ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. நேராக உருட்டிக் கடந்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியையும் பயற்றங்கொடியையும் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டிலேயே பரப்பி வைப்பார்கள். பைக்கில் போகிறவர்கள் அப்படியே ஏறிப் போய்விடலாம். சைக்கிளுக்கு அது ஆகாது. காய்ந்த கொடி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் நுழைந்து, ஒரு சுற்றில் இரண்டு முழம் உள்ளே போய், ஃப்ரீவீல் ஓரத்தில் கயிறுபோல இறுகிவிடும். பெடல் அசையாது. பின்னோக்கிச் சுற்றி, விரலால் நெம்பி நெம்பி எடுக்க வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். அது ஒரு வீட்டின் விளைச்சலும் அல்லவா.

இருட்டிய பிறகு, விளக்கில்லாமல் கரைப் பாதையில் ஏறவே கூடாது. பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ஒரு பைக் ஹைபீமில் வந்தால் சில நொடி கண் தெரியாது, அந்தச் சில நொடியில் சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் வேண்டும். எதிர்வெளிச்சம் வந்தால் ஓரம் கட்டி இறங்கி நில்லுங்கள். தார் ரோட்டின் வெதுவெதுப்புக்குப் பாம்பும் வந்து படுத்திருக்கும்.

சிலர் "இனி பைக்கையே தொட மாட்டேன்" என்று சபதம் எடுக்கிறார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும், விதைமூட்டை கொண்டுவர வேண்டியிருக்கும். அன்று பைக்கை எடுத்ததும் சபதம் போச்சு, சைக்கிளும் போச்சு. எந்தப் பயணத்துக்குச் சைக்கிள் என்று மட்டும் முடிவு பண்ணுங்கள். எனக்கு வேலைக்குச் சைக்கிள், மற்றதற்கு எது தோதோ அது.

ஊர்ப்பேச்சுக்கு வருவோம். "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பார்கள். கல்யாண வீட்டில் சைக்கிளை நிறுத்தினால் மாமா ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு, பணமுடையா என்று விசாரிப்பார். அக்கறையில்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் புவி வெப்பமாதலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவது தவறு, கேட்கிறவர் செய்வதைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். "இதுல போறது எனக்குப் பிடிச்சிருக்கு மாமா" என்றால் போதும். ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள், அடுத்த மாதம் தங்கள் பிள்ளைக்கு எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று உங்களிடமே வந்து கேட்பார்கள்.

சைக்கிள் கடைக்காரரைத் தெரிந்துவைத்துக்கொள்ளாமல் இருப்பதும் தவறுதான். தெருவுக்குத் தெரு இருந்த கடைகள் இப்போது தேடினால்தான் கிடைக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் போய்வந்தால்தான் மிச்சமும் நிற்கும். பஞ்சர் ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காற்றடித்த ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் குச்சியால் குறித்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கொஞ்சம் உலரும்வரை பொறுத்து ஒட்டுப் போடுவார். அந்த உலரும் நேரத்தை விட்டால் ஒட்டு நிற்காது. பார்த்துப் பார்த்தே கைக்கு வந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன், புரட்டாசிக் கடைசிக்குள், சைக்கிளை அவரிடம் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரேக் கட்டைகளை மாற்றச் சொல்லுங்கள். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் சட்டென்று பிடிக்காது, அதனால் மழையில் எப்போதும் முன்கூட்டியே பிரேக்கை அழுத்தத் தொடங்க வேண்டும். ரிம் கோட்டம் எடுத்து, சக்கர அச்சில் உள்ள கோன் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். காற்று வெளியே போகாமல் தடுக்கிற வால்வு ரப்பரான வால்ட்யூப் நைந்திருந்தால் அதையும் மாற்றி, கூடுதலாக இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவையுங்கள்.