தக்காளிக்கு இரண்டு விலை: ஒரு ஏக்கருக்கு நான் கணக்கு எழுதும் விதம்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் தக்காளி. மருந்தடிப்பது, மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. கணக்கு நோட்டு மட்டும் என் கையில். மகள் பாதி எழுதி விட்ட ரஃப் நோட்டில் தொடங்கியது, இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது.

முதலில் நாற்றுக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதுங்கள். எங்கள் தோட்டத்துக் கணக்கு இது. கூலியும் வாடகையும் உங்கள் ஊரில் வேறாக இருக்கும். உழவும் தொழு உரமும் 22,000 ரூபாய். குழித்தட்டு நாற்று 6,000. களை வராமல் மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் 8,000. செடியைத் தாங்கும் குச்சி, கயிறு, கட்டுக்கூலி 20,000. உரம், மருந்து 24,000. நடவு, களைக்கூலி 14,000. ஆக, கையை விட்டுப் போகும் பணம் 94,000.

இங்கேதான் எல்லோரும் நோட்டை மூடிவிடுகிறோம். நாங்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் உழைப்பதற்குக் கூலி யார் போடுவது? அதற்குக் குறைச்சலாகவே 10,000 எழுதுகிறேன். இதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் 10,000, சொட்டுநீர்க் குழாயின் தேய்மானம் 6,000. மானியத்தில் வந்த குழாய்தானே என்று விடாதீர்கள், கிழிந்தால் மாற்றுவது நம் காசில்தான். மொத்தம் 1,20,000.

இனி பெட்டிக் கணக்கு. எங்கள் மார்க்கெட்டில் ஒரு பெட்டி 14 கிலோ. ஒரு ஆள் நாளைக்குப் பத்துப் பெட்டி பறிப்பார், கூலி 350. அப்போது பெட்டிக்குப் பறிகூலி 35, வேன் 15, இறக்குகூலி 5, சேர்த்து 55. இதற்கு மேல், சரக்கை விற்றுக் கொடுக்கும் கடைக்குக் கமிஷன் நூற்றுக்குப் பத்து. ஒரு ஏக்கரில் 1,500 பெட்டி எடுத்தால் சாகுபடிச் செலவு பெட்டிக்கு 80. அதோடு 55 சேர்த்தால் 135. கமிஷன் போக 135 கையில் நிற்க வேண்டும் என்றால் மார்க்கெட்டில் பெட்டி சராசரியாக 150 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆயிரம் பெட்டிதான் வந்தது என்றால் அதே கணக்கு 195 ஆகிவிடும். இந்த விலை உங்கள் மார்க்கெட்டில் இந்தப் பருவத்துக்குக் கிடைக்குமா என்று பார்த்துத்தான் நட வேண்டும். இது நடவு விலை.

பறிக்கும் நாளில் இந்த 150ஐ மறந்துவிடுங்கள். போட்ட 1,20,000 போட்டதுதான், பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது திரும்பாது. அன்றைக்குப் பார்க்க வேண்டியது இனிமேல் போடப்போகும் 55 மட்டும். கமிஷனையும் சேர்த்தால் 62 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடைத்தாலும் பறிக்கலாம், கீழே போனால் ஆளைக் கூப்பிடாதீர்கள். இது பறிப்பு விலை.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு வருஷம் விலை 80க்கு வந்ததும், “நூற்றைம்பது ஆகாமல் கட்டாது” என்று பறிப்பை நிறுத்திவிட்டோம். பெட்டிக்கு 17 ரூபாய் வீதம், நூறு பெட்டிப் பறிப்புக்கு 1,700 ரூபாயைச் செடியிலேயே அழுகவிட்டோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் விடாமல் பறித்தார். விலை ஏறியபோது அவர் செடியில் காய் இருந்தது, எங்கள் தோட்டத்தில் புழுவும் நாற்றமும்தான். அடுத்த வருஷம் நேர்மாறு. விலை 45. பழுத்ததை விட மனசு வராமல் பறித்து அனுப்பி, பெட்டிக்குப் பதினாலரை ரூபாய் கைக்காசு போட்டோம்.

கமிஷன் கடைச் சீட்டை அன்றன்றைக்கே நோட்டில் ஏற்றுங்கள். ஒரு சீட்டு இப்படி இருக்கும்: 92 பெட்டி, விலை 70, மொத்தம் 6,440. கமிஷன் 644, இறக்குகூலி 460, வேன் 1,380 போக 3,956. இதைப் பார்த்துவிட்டு நாலாயிரம் வந்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். பறிகூலி 3,220ஐ நான் கழித்தால் மிச்சம் 736. கடையில் முன்பே வாங்கிய முன்பணத்துக்குச் சீட்டில் கழிவு இருந்தால் தனியாக எழுதுங்கள். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், ஆனால் வேறு கடைக்குச் சரக்குப் போட முடியாது. அதுதான் வட்டி.

போன பருவத்து விலையைப் பார்த்து நடாதீர்கள். 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறைத் தாண்டியது. அதைப் பார்த்து நட்டால் முதல் காய் வர இரண்டு மாதம். செப்டம்பரில் விலை தரையில் கிடந்தது. நாங்கள் இப்போது அரை ஏக்கர் நட்டு, இருபத்தைந்து நாள் விட்டு மீதி அரை ஏக்கர் நடுகிறோம். வாங்க வரும் கேரளா லாரி குறைந்து விலை சரிந்தால் ஒரு பாதிதான் மாட்டும். உழவர் சந்தையில் கமிஷன் இல்லை, சரிதான். ஆனால் இரண்டு பெட்டியை வைத்து நாள் முழுக்க உட்காரும் ஆளுக்கும் கூலி எழுத வேண்டும்.

செடியைப் பிடுங்கும் அன்று குச்சியை எண்ணுங்கள். உடைந்தது போக நல்லதைக் கட்டி நிழலில் அடுக்கிவிட்டு, அந்த எண்ணிக்கையை அடுத்த பருவத்துப் பக்கத்தின் முதல் வரியில் எழுதுவேன். போன தடவை அந்த வரியே ஏழாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்தது.