கேம்பர் வேனில் துப்பாக்கி: கூடலூரிலிருந்து எல்லை தாண்டுவோருக்கு

எங்கள் தோட்டம் நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த தேவர்சோலைப் பக்கம். அப்பா வைத்திருந்த 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி இப்போது என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஆர்டிஓ அனுமதியோடு கேம்பர் வேனாக மாற்றினோம். அதிலிருந்து தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ் அல்ல. "ராத்திரி எங்கேயாவது நிறுத்தித் தூங்குவீங்களே, துப்பாக்கியைக் கூடவே எடுத்துட்டுப் போகலாமே?"

எங்கள் மலையிலிருந்து புறப்படுகிறவருக்குப் பெரும்பாலான வழிகளில் அது முடியாது. முடிகிற வழிகளிலும் அதனால் வரும் பாதுகாப்பைவிடத் தொல்லைதான் அதிகம். அப்படியும் எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் முதலில் லைசென்ஸ் புத்தகம், அப்புறம் மேப், கடைசியாக வண்டி. இந்த வரிசை முக்கியம். நிறையப் பேர் வண்டியில் பெட்டி அடிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது

லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். மாவட்டம் மட்டும், தமிழ்நாடு மட்டும், இந்தியா முழுவதும் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த லைசென்ஸ் என்றால் பேச்சே இல்லை. அந்தத் துப்பாக்கி உங்கள் நிலத்துக்கானது, பயணத்துக்கானது அல்ல.

தமிழ்நாடு லைசென்ஸ் வைத்திருக்கும் மதுரைக்காரர் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு சிக்கலும் வராமல் இருக்கலாம். எங்கள் கதை வேறு. நாடுகாணி தாண்டினால் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம். சோலாடி, தாளூர், பாட்டவயல் எதைத் தாண்டினாலும் வயநாடு. கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். துணி எடுக்கவும் டாக்டரைப் பார்க்கவும் நாங்கள் சாதாரணமாகப் போய்வரும் ஊர் சுல்தான் பத்தேரி. மனதில் எல்லை என்ற நினைப்பே இருக்காது. ஆனால் தமிழ்நாடு என்று மட்டும் எழுதிய புத்தகத்தோடு தாளூரைத் தாண்டிய அடுத்த நிமிடம், கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டம் அதை அப்படித்தான் பார்க்கும்.

பகுதியை விரிவாக்க வேண்டுமானால் உதகையில் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும், காரணமும் காட்ட வேண்டும். "வேனில் ஊர் சுற்றப் போகிறேன்" என்பது அங்கே எடுபடும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி 3-லிருந்து 2 ஆகக் குறைந்தது. காலாவதித் தேதி பயணத்துக்கு நடுவில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"குடகில் லைசென்ஸே வேண்டாமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விலக்கு குடகின் பூர்வீகக்காரர்களான கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவது. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். விராஜ்பேட்டையில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் இருந்தாலும் அந்தச் சலுகை உங்கள் வேனுக்கு வராது.

மேப்பில் பச்சை எங்கே

சரி, உங்களிடம் இந்தியா முழுவதற்குமான லைசென்ஸே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைசூர் போக வேண்டும். தொரப்பள்ளி தாண்டியதும் முதுமலை. கக்கநல்லாவுக்கு அந்தப் பக்கம் பந்திப்பூர். பத்தேரி போய் முத்தங்கா வழியாகப் போகலாம் என்றால் வயநாடு சரணாலயம், அதைத் தொட்டு மறுபடி பந்திப்பூர். மானந்தவாடி போய் பாவலி வழி என்றால் நாகரஹொளே. தோல்பெட்டி வழி குட்டா என்றாலும் சரணாலயம்தான். கீழே இறங்கி சத்தியமங்கலம், திம்பம் ஏறினால் அதுவும் புலிகள் காப்பகம். ஆக, எங்கள் ஊரிலிருந்து மைசூருக்குச் சுருக்கமாகப் போகிற வழி எல்லாமே சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு ரொம்பச் சின்னது. முதன்மை வனஉயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரிடமோ முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் யாரும் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதி. "நான் ஹைவேயில்தானே போகிறேன்?" என்று கேட்கலாம். பொதுச் சாலையில் கடந்துபோகிறவருக்கு விலக்கு தருவது 27-வது பிரிவு. அது ஆள் நுழைவதைப் பற்றியது. ஆயுதத்தைச் சொல்லும் 31-ல் அந்த விலக்கு கிடையாது. எனவே ஆயுத லைசென்ஸ் சுத்தமாக இருந்தும் வனச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தில் குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதமும் வண்டியும் அரசாங்கத்துக்குப் போய்விட வழி இருக்கிறது. வேன் என்றால் எங்கள் விஷயத்தில் கட்டிலும் அடுப்பும் சேர்த்து.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. யாரும் அதிகம் பேசாதது இதுதான். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைச் சுட்டால் குற்றமில்லை என்று 11-வது பிரிவு சொல்கிறது. அதை நம்பித்தான் பலர் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். அதே பிரிவின் அடுத்த வரியைப் படிப்பதில்லை: அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அனுமதியில்லாத துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நிற்பதே மீறல். தற்காப்புக்கென்று கொண்டுபோன துப்பாக்கியே, தற்காப்பு என்று சொல்லும் உரிமையைப் பறித்துவிடுகிறது.

எங்களைப் போல சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர்கள் வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும் என்று 34-வது பிரிவு சொல்கிறது. பயணம் போகாவிட்டாலும் இதைச் சரிபார்த்து வையுங்கள்.

இத்தனை காகிதமும் மனிதருக்குத்தான். பந்தலூர்ப் பக்கம் அரிசிக்காக வீடு வீடாக உடைத்த பிஎம்-2 என்ற மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானையை) 2022 டிசம்பரில் பிடித்து முதுமலையில் விட்டார்கள். 2023 ஜனவரியில் அது காட்டு வழியாகவே எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நடந்து போனது. அங்கே கேரள வனத்துறை அதைப் பிடித்து முத்தங்கா முகாமுக்குக் கொண்டுபோனது.

ஏர்கன், வெட்டுக்கத்தி

"அப்போ ஏர்கன் எடுத்துப் போறேன்." 0.177 அங்குல போருக்கும் (குழலின் உள்விட்டம்) 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டாம், உண்மைதான். ஆனால் வனச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் துப்பாக்கி மட்டுமா இருக்கிறது? வில், அம்பு, கத்தி, வலை, விஷம், கண்ணி எல்லாம் உண்டு. சமையல் கத்தியை டிராயரில் வைத்திருப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. சீட்டுக்கு அடியில் தோட்டத்து வெட்டுக்கத்தி கிடந்தால் கேள்வி வரும். என் வீட்டுக்காரர் புறப்படும் முன் வேனைத் துழாவி அதையெல்லாம் ஷெட்டில் இறக்கி வைப்பார். போன வாரம் தோட்ட வேலைக்கு எடுத்துப் போனதில் ஏதாவது ஒன்று எப்போதும் உள்ளே கிடக்கும்.

எடுத்துப் போகக்கூடிய வழியில்

குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிக் கோவை, ஈரோடு, சேலம் என்று தமிழ்நாட்டுக்குள் போகிறீர்கள், லைசென்ஸும் இடம் கொடுக்கிறது. அப்படியானால் இப்படிச் செய்யுங்கள்.

டபுள் பேரலைக் கழற்றினால் பேரல், கட்டை, முன்பிடி என்று மூன்று துண்டு. கழற்றி, உறையில் போட்டு, வேனின் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. இரண்டு சாவியும் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் இடுப்பில். ஒரிஜினல் புத்தகம் கையில் இருக்க வேண்டும், செல்போனில் இருக்கும் போட்டோவை நம்பாதீர்கள். செக்போஸ்டில் கேட்டால் முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் புத்தகம், அவர்கள் சொன்ன பிறகு பெட்டி. சொல்லாமல் பெட்டியைத் திறக்கப் போகாதீர்கள்.

வேனில் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் என் பெயரில். ஓட்டுவது என் வீட்டுக்காரர். நான் வண்டியை விட்டு இறங்கி அரை நாள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால், துப்பாக்கி யார் வசம் இருக்கிறது? அவர் வசம். அவருக்கு லைசென்ஸ் இல்லை. கட்டியவர் என்பதால் சட்டம் தளராது. ஆகவே துப்பாக்கி இருக்கும் வேனை விட்டு நான் விலகக் கூடாது. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உள்ளே கட்டில் போட்டிருந்தாலும் ரோட்டோரம் நிற்கும் வேன் போலீஸ் கண்ணுக்கு வீடு அல்ல, வண்டி.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எல்லாம் மாறும். ஸ்டேஷனிலிருந்து ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். நம் மாநிலத்தில் தேர்தல் இல்லை என்று கிளம்பாமல், போகிற மாநிலத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டில்

சியாட்டிலில் இருக்கும் என் தம்பி மகன் ஆர்வி என்னும் வீட்டு வண்டி எடுத்து கனடா வழியாக அலாஸ்கா போக நினைத்தபோது இதே கேள்வியோடு வந்தான். அங்கேயும் சங்கதி கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் எவ்வளவு சட்டப்படியானதாக இருந்தாலும், தற்காப்புக்கு என்று சொல்லிக் கைத்துப்பாக்கியைக் கனடாவுக்குள் கொண்டுபோக முடியாது. வேட்டைக்கோ, ஆளில்லாக் காட்டில் மிருகங்களிடமிருந்து காத்துக்கொள்ளவோ சாதாரண நீளத் துப்பாக்கி என்றால், எல்லையில் எழுத்தில் அறிவித்துக் கட்டணம் கட்டினால் 60 நாளுக்குச் செல்லும். மறைத்தால் பறிமுதல், வழக்கு. அவன் துப்பாக்கி எடுக்கவில்லை, கரடிக்கு அடிக்கும் ஸ்பிரே வாங்கிக்கொண்டான்.

துப்பாக்கி இல்லாமல் ராத்திரி

எங்கள் பக்கத்தில் ராத்திரி ஆபத்து பெரும்பாலும் திருடனாக வருவதில்லை, யானையாக வருகிறது. யானையைக் கூப்பிடுவது உங்கள் சாமான்கள். அரிசி, வெல்லம், உப்பு, வாழை, பலா. பலாப்பழ சீசனில் ஒரு பழத்தை வேனுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது வாசலில் கோலம் போட்டு வரவேற்பதுதான். அரிசியை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பழத்தை மாலைக்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.

காட்டுச் சாலையில் நிறுத்தவே கூடாது, தூங்குவது இருக்கட்டும். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை 2009-லிருந்து மூடல். ஆகவே மாலைக்குள் குண்டலுப்பேட்டையோ கூடலூரோ சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். நாங்கள் நிறுத்துவது ஆள் குடியிருக்கும் இடத்தில்தான்: தெரிந்தவர் தோட்டத்துக் களம், கேட்டு அனுமதி வாங்கிய பெட்ரோல் பங்க், ஹோம்ஸ்டே முற்றம். ஓட்டுநர் சீட் ரோட்டைப் பார்த்து இருக்க, ரிவர்ஸ் எடுக்காமல் நேரே கிளம்பும்படி நிறுத்துவோம். சாவி எப்போதும் ஒரே கொக்கியில். உள்பக்கத் தாழ்ப்பாள் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்கு ஆகும் காசு இதற்கு ஆகாது. யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் பேசுங்கள், ஹாரனை அழுத்துங்கள், 112-க்குப் போன் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் தங்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

விட்டுவிட்டுப் போகும்போது

நீண்ட நாள் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் துப்பாக்கியை அங்கே விடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ, பாதுகாப்பாக வைத்திருக்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ கொடுத்துவிடலாம். கடை என்றால் எங்களுக்குக் கோவை வரை போக வேண்டும் என்பதால் நாங்கள் ஸ்டேஷன்தான். கிளம்பும் அன்று காலையில் போனால் எஸ்ஐ பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். இரண்டு மூன்று நாள் முன்பே மனுவோடு போங்கள். ரசீதில் துப்பாக்கியின் நம்பர், போர், தோட்டா எத்தனை என்பது இருக்க வேண்டும். எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுங்கள், மழைக்காலத்தில் ஸ்டேஷன் அறையில் துரு சீக்கிரம் பிடிக்கும். திரும்பி வாங்கும்போது நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தோட்டாவை எண்ணி, பேரலுக்குள் வெளிச்சம் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.