மட்டக்குதிரை துள்ளுதா? முரட்டுக் கடிவாளம் தேடாதீங்க

அந்தியூர் குருநாதசாமி ஆடித் திருவிழாச் சந்தையில் மட்டக்குதிரை பிடித்து வந்தவர்கள் நாலு வாரம் கழித்துச் சொல்வது ஒன்றுதான்: தோட்டத்துக்குள்ளே பூனை மாதிரி நடக்கிறது, ரோட்டுக்குக் கொண்டுபோனால் கையில் நிற்பதில்லை, இன்னும் கெட்டியான கடிவாளம் எங்கே கிடைக்கும்? வேண்டாங்க. வாய் வலித்தால் குதிரை நிற்காது, வலிக்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடும். என் குதிரை முள் வைத்த பிட்டோடுதான் (கடிவாளத்தில் வாய்க்குள் போகிற கம்பி) வந்தது. வாயோரம் முழுக்கப் புண். அந்த மாதிரிக் கடிவாளம் 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காசு செலவழிக்கும் முன்னால் தீனியைப் பாருங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, கொள்ளும் கம்புமாக அள்ளி வைத்தால் துள்ளாமல் என்ன செய்யும்? கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் சேணம். நன்றாக வேர்க்கும்படி ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் ஈரமாக இருக்கும்போது நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தால் சேணம் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். முதுகெலும்பு மேலே மட்டும் காய்ந்திருந்தால் பரவாயில்லை, அங்கே சேணம் படவே கூடாது.

பிட் விஷயத்துக்கு வருவோம். பெரிய குதிரைக்கான 5 அங்குலக் கம்பி மட்டத்துக்குப் பல நேரம் பெரிதாகிவிடும், வாய்க்குள் இங்கும் அங்கும் வழுக்கும். வாயோரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். நடுவில் ஒரே மூட்டு உள்ள கம்பி, கடிவாள வாரை இழுத்ததும் பாக்குவெட்டி மாதிரி நாக்கை நெருக்கும், அதனால் நடுவில் சின்னத் துண்டு வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிளைத்தான் (நெம்பாமல் நேராக இழுக்கிற சாதாரண பிட்) நான் சொல்வேன். திருப்பினால் திரும்பவில்லை என்றால் இரு பக்கமும் நீளக் குச்சி வைத்த பிட் வாங்குங்கள், வாய் வழியாக உருவிக்கொண்டு வராது.

தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குதிரைக்கு ரன்னிங் மார்ட்டிங்கேல் உதவும்; வயிற்றுப் பட்டையிலிருந்து முன்னங்கால் நடுவே வந்து இரண்டாகப் பிரிந்து, நுனி வளையங்கள் வழியாகக் கடிவாள வார் போகிற வார் அது. அதன் வளையங்களை மேலே இழுத்தால் தாடையும் கழுத்தும் சேருகிற இடம் வரை எட்ட வேண்டும், அதைவிடக் குட்டையாகக் கட்டினால் தலையை எந்நேரமும் கீழே இழுத்தபடியே இருக்கும். கடிவாள வாரில் ரப்பர் தடுப்பு இல்லாமல் மாட்டாதீர்கள், வளையம் பிட்டில் போய்ச் சிக்கும். கையை மீறி இழுக்கிற குதிரைக்குத் தாடைக்கடியில் சங்கிலி வைத்த கிம்பிள்விக் என்ற பிட் ஒரு வழி. சங்கிலி முறுக்காமல் தட்டையாகப் படிய வேண்டும், ஓட்டுபவருக்குக் கை மெதுவாக இருக்க வேண்டும். பழகாத பையன் கையில் கொடுத்தால் அதுவும் முள் கடிவாளம்தான். மூக்குப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையட்டும். நம் வெயிலில் மூச்சை அடைக்கிற வேலை ஆகாது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் குதிரைக் கழுத்தில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பட்டைதான் வாங்குவேன், பழைய தோல் பெல்ட்டே போதும். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலிக்குள் இருந்து மயில் ஒன்று படபடவென்று கிளம்பும், குதிரை பக்கவாட்டில் ஒரு தாவு தாவும். அந்த நொடியில் பிடிமானத்துக்கு நம் கை வாரைத்தான் சுண்டும், வாயில் சுளீரென்று விழும், அடுத்த மயிலைக் கண்டால் இன்னும் பயப்படும். பட்டையைப் பிடித்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ரப்பர் பிடி வைத்த வாரும் நல்லது, வேர்வைக் கையில் வழுக்காது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிடாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்றை மாட்டிக் களத்தில் நாலு நாள் நடக்க விட்டு, நிறுத்தி, திருப்பிப் பாருங்கள். பிறகு ஹெல்மெட்டோடு, சாதுவான பெரிய குதிரை ஒன்றைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் வாய்க்கால் கரை மண்பாதைக்குப் போகலாம். லாரி ரோடு அப்புறம். திரும்பி வந்ததும் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் உதட்டோரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள், சிவந்திருந்தால் நாளைக்குக் கடிவாளம் வேண்டாம்.