பாட்டு நோட்டை முதலில் கேளுங்கள்

திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடிப் பாடுவார்கள். பெயர்ப்பலகையும் கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. இப்படியொரு குழுவின் கதையை எழுத நினைத்தால் பாட்டு நோட்டைத் தேடுங்கள். எனக்குக் கொலுப்பொம்மைப் பெட்டிக்குள், பழைய சேலைத் துணியில் சுற்றிக் கிடைத்தது.

குழு தொடங்கிய வருஷத்தை நேராகக் கேட்காதீர்கள். நான் கேட்டதற்கு, நோட்டுக்குச் சொந்தக்கார ஆச்சி, "ஏட்டி, வருசம் ஆரு கண்டா? மூத்தவன் அப்பம் கைப்பிள்ளைலா" என்றார். அந்தக் கைப்பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

நோட்டில் 'ஸ்ரீ காந்திமதீம்' இருக்கிறதா பாருங்கள். நம்ம காந்திமதியம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்த கிருதி. இருந்தால் தலைப்பில் என்ன ராகம் போட்டிருக்கிறது? ஹேமவதியா, தேசிசிம்மாரவமா? இரண்டும் 58வது மேளம்தான் (மேளம் என்றால் தாய் ராகம்), ஆனால் தீட்சிதர் வழியில் இரண்டாவது பெயர். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான, சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அந்த வழியைச் சேர்ந்தது. ஆச்சியின் நோட்டில் மையால் ஹேமவதி, பக்கத்தில் பென்சிலால் மற்றது. "பென்சில் யாரு ஆச்சி?" என்றேன். அப்புறம்தான் சைக்கிளில் வந்து சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் கதைக்குள் வந்தார். உடனே அவரை எட்டயபுரத்துப் பரம்பரை ஆக்கிவிடக் கூடாது. புத்தகம் பார்த்தும் எழுதியிருக்கலாம். யாரிடம் படித்தார் என்று விசாரியுங்கள். எட்டயபுரம் 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது. பழைய தாள்களைத் திருநெல்வேலி ஜில்லா என்றே தேட வேண்டும்.

நோட்டில் சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், இருக்கும்; ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி இருக்காது. பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஃபேனை நிறுத்தி, அடுப்படியையும் எட்டிப் பாருங்கள். என் பதிவில் அனுபல்லவி முழுக்கக் குக்கர் விசில். மறுபடி பாடியபோது அந்தச் சங்கதி ஆச்சிக்கு வரவில்லை.

பக்கங்களைப் படம் எடுத்து நோட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னட்டையை விட்டுவிடாதீர்கள். யார் வீட்டில் எந்த வெள்ளி, சுண்டலுக்கு எவ்வளவு கடலை, ஆர்மோனியம் ரிப்பேருக்கு யார் யார் எட்டணா போட்டார்கள், யார் இன்னும் தரவில்லை, எல்லாம் அங்கேதான் இருக்கிறது.