ஜன்னலை எப்போது மாற்றுவது? பலர் சறுக்கும் இடங்கள்

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும், சென்னையில் ஜன்னல் கடைக்காரர்களின் போன் ஓயாது. உள்சுவரில் ஈரம் இறங்குகிறது, மரக்கதவு சாத்த வரவில்லை, ஸ்லைடிங் ஜன்னலின் டிராக்கில் தண்ணீர் தேங்கி ஹாலுக்குள் வழிகிறது. மூன்றுக்கும் வீட்டுக்காரர் கண்டுபிடித்திருக்கும் மருந்து ஒன்றுதான்: “எல்லாத்தையும் எடுத்துட்டு யூபிவிசி போட்டுடலாம்.” யூபிவிசி என்றால் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல். விற்பவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அப்படிக் கழற்றி எறியப்படும் ஜன்னல்களில் பல, சின்ன வேலை பார்த்தால் இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடியவை. அதே தெருவில் உடனே மாற்ற வேண்டிய ஜன்னல் ஒன்று, புது பெயிண்ட் பூசிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் நின்றுகொண்டிருக்கும். ஆகவே மாற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன், எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடியா, கதவா, சட்டமா, கிரில்லா, அல்லது ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரா?

சுவர் செய்த குற்றத்துக்கு ஜன்னலைத் தண்டிப்பது

அதிகமாகப் பணம் வீணாவது இங்கேதான். ஜன்னல் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் தண்ணீர் ஜன்னல் வழியாகத்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது வேறு வழியில் வந்திருக்கும். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். சன்ஷேடின் மேல்தளத்தில் வாட்டம் உள்பக்கமாக விழுந்து தண்ணீர் தேங்கி நிற்கலாம். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விட்டிருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அதை விட மறந்திருந்தால், தண்ணீர் அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து சட்டத்தின் தலையில் இறங்கும். ஜன்னலின் கீழ்த்திட்டு வெளியே சரிவதற்குப் பதில் உள்ளே சரிந்திருப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியது. இந்த வீடுகளில் எந்தக் கம்பெனி ஜன்னலைக் கொண்டுவந்து வைத்தாலும் அடுத்த மழையில் அதே ஈரம் அதே இடத்தில் தெரியும்.

கண்டுபிடிக்கத் தோட்டத்து ஹோஸ் பைப் போதும். வெயில் நாளில், ஒருவர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். முதலில் கீழ்த்திட்டில் மட்டும் பத்து நிமிஷம். பிறகு சட்டமும் சுவரும் சேரும் பக்கவாட்டு இடுக்குகள். பிறகு கண்ணாடி ஓரங்கள். கடைசியில் சன்ஷேடின் மேல். கீழிருந்து மேலே போவது முக்கியம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த வழியாக உள்ளே வந்தது என்றே தெரியாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் கசிந்தால் பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிப்புறத்துக்கென்று விற்கும் சிலிக்கானைப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. பழையதன் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது. அந்த இடுக்கில் சிமெண்ட் பூசுவதும் பயனில்லை. வெயிலுக்கு யூபிவிசியும் அலுமினியமும் நீளும், சுருங்கும். சிமெண்ட் அந்த அசைவைத் தாங்காமல் ஓரத்தில் பிளந்துவிடும்.

ஸ்லைடிங் ஜன்னலில் இன்னொரு சங்கதி. கீழ் டிராக்கில் தண்ணீர் சேருவது கோளாறு அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். சேரும் தண்ணீர் வெளியே போக டிராக்கின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். தூசியும் செத்த பூச்சிகளும் அதை அடைத்துக்கொள்ளும். சில வீடுகளில் பெயிண்டரே பட்டி வைத்து அடைத்துவிட்டுப் போயிருப்பார். புரட்டாசி முடிவதற்குள் ஒரு பழைய டூத்பிரஷும் மெல்லிய கம்பியும் எடுத்து இந்த ஓட்டைகளைச் சுத்தம் செய்தால், ஹாலுக்குள் வழிகிற தண்ணீர் பல வீடுகளில் அதோடு நின்றுவிடும்.

மரம்: உப்பியதா, உளுத்ததா?

மழைக்காலத்தில் மரக்கதவு இறுகுவது மரத்தின் இயல்பு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்புகிறது, பங்குனி வெயிலில் மறுபடி சுருங்குகிறது. கார்த்திகையில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போட வைத்தால், கோடையில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொசு தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அப்போது “ஜன்னல் கோணிப்போச்சு, மாத்தணும்” என்ற பேச்சு தொடங்கும். இழைப்பதாக இருந்தால் ஈரம் வடிந்த பிறகு இழைக்க வேண்டும். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயிண்ட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கங்கள் என்பதால் அவற்றைப் பெயிண்டர்கள் விட்டுவிடுவார்கள், ஈரம் ஏறுவதும் அந்த வழியாகத்தான்.

உண்மையில் மரம் கெட்டிருக்கிறதா என்பதை ஸ்க்ரூடிரைவர் சொல்லிவிடும். கதவின் கீழ்க்கட்டை, சட்டத்தின் அடி மூலைகள், சுவரை ஒட்டிய பக்கம் ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதிலும் கதவு வேறு, சட்டம் வேறு. கதவின் கீழ்க்கட்டை மட்டும் அழுகியிருந்தால் அதே மரத்தில் புதுக் கட்டை செய்து சேர்க்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். கதவு முழுவதும் போய்விட்டால்கூட, சட்டம் திடமாக இருந்தால் கதவை மட்டும் மாற்றினால் போதும். சுவருக்குள் நிற்கும் சட்டமே போய்விட்டால்தான் மொத்தமாக மாற்றும் பேச்சுக்கே இடம்.

மரத்தூளைப் பார்த்ததும் பலர் கரையான் என்று பதறுவார்கள். பொடிப்பொடியாக மாவு போலக் கொட்டினால் அது பெரும்பாலும் உளுவண்டு வேலை. சுவரை ஒட்டி மண் குழாய் ஏறியிருந்தால் அது கரையான். உளு விழுந்த மரத்தில் ஓட்டைகள் இருப்பதாலேயே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடாது. தூளைத் துடைத்துவிட்டு அடியில் ஒரு கறுப்புத்தாளை விரித்து வைத்து, சில வாரம் கழித்துப் பாருங்கள். புதிதாகக் கொட்டியிருந்தால் மருந்தடிக்க வேண்டும். கரையான் விஷயத்தில் செய்யும் பெரிய தவறு, ஜன்னலை மட்டும் மாற்றிவிட்டு மருந்தடிக்காமல் இருப்பது. அது தரைக்கு அடியிலிருந்து சுவர் வழியாக வருகிறது. புது யூபிவிசி சட்டத்தைத் தின்னாது, ஆனால் அதன் பின்பக்கமாகப் போய் பக்கத்து மர அலமாரியைத் தின்னும்.

பழைய மர ஜன்னலைச் சுரண்டிப் புதுப்பிக்கும்போது ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் போக வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடாதது

இதுவரை சொன்னதெல்லாம் அவசரப்படாதீர்கள் என்ற ரகம். இரும்பு விஷயத்தில் நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரில்லின் கம்பிகளும் சட்டத்தைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளான ஹோல்ட்ஃபாஸ்டுகளும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சுவருக்குள் அந்த இடம் கிடையாது. எனவே பூச்சைப் பிளக்கும், பிறகு செங்கல்லைத் தள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஓடும் விரிசலும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் சேர்ந்து தெரிந்தால் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்து மறைப்பதுதான் மோசமான யோசனை. துரு உள்ளே வேலையை நிறுத்தாது. திருவான்மியூர், எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இதை இன்னும் வேகமாக்கும். கிரில்லைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடிமுனை அசைந்தால் அந்த கிரில் திருடனையும் நிறுத்தாது, அதில் ஏறி நிற்கும் குழந்தையையும் தாங்காது. சன்ஷேடின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறதென்றால் ஜன்னல் கடைக்குப் போகாதீர்கள், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் கடலோரத்தில் முழுக்க உண்மையில்லை. வெள்ளைப் பொடியும் குழிகளும் விழும். சாதாரண இரும்புத் திருகு போட்ட இடங்களில் அது இன்னும் வேகமாக அரிக்கும். கடலுக்குப் பக்கத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு கேட்டு வாங்குங்கள்.

புதியது வந்ததும் காற்று போய்விடும்

இந்தத் தவறைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, மாற்றி முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் உணர்கிறார். நான்கு கதவு வைத்த பழைய மர ஜன்னலைத் திறந்தால் ஏறக்குறைய முழு ஜன்னலும் திறக்கும். அதே இடத்தில் இரண்டு டிராக் ஸ்லைடிங் வைத்தால் எப்போதும் பாதிதான் திறக்கும். நாலுக்கு நாலு அடி ஜன்னலில் 16 சதுர அடி காற்று 8 சதுர அடியாகிவிடும். கொசுவலை போட்டால் வருகிற காற்று இன்னும் குறையும். இந்தியாவின் குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் பரப்பு கார்பெட் ஏரியாவில் (சுவருக்கு உட்பட்ட தரைப் பரப்பு) குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. பால்கனிக் கதவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை புது ஃபிளாட்டுகள் தேறும் என்று தெரியும். வெளியே திறக்க இடம் இருக்கும் பக்கங்களில் கீல் வைத்துத் திறக்கும் மாதிரியே கேளுங்கள். ஸ்லைடிங்கை நடைபாதைப் பக்கத்துக்கு விட்டுவிடலாம்.

அறை சூடாக இருக்கிறது என்பதற்காக இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்களும் உண்டு. அது முதன்மையாகக் குளிர்நாட்டுக் கவலைக்கு வந்த விடை, உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் மிகப் பெரிதாக உள்ள இடங்களுக்கானது. நம் மேற்கு ஜன்னலில் சூடு ஏறுவதற்கு முக்கியக் காரணம் நேராக விழும் வெயில். சாதாரணக் கண்ணாடியை இரண்டாக வைத்தாலும் அதில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டியோ, மடக்கும் நிழற்கூரையோ போட்டால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும், செலவும் குறைவு. உள்ளே தொங்கும் திரை அதற்கு ஈடாகாது. திரையைச் சுடும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெயில். வாகன இரைச்சலுக்காக மாற்றுவதென்றால் கதை வேறு. இடுக்கில்லாமல் மூடும் சட்டமும் லேமினேட்டட் கண்ணாடியும் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) உண்மையிலேயே உதவும்.

ஏசி அறை ஜன்னலின் வெளிப்பக்கம் விடிகாலையில் பனித்திருந்தால் அது கோளாறில்லை. இரட்டைக் கண்ணாடியின் நடுவே மங்கலாகி, துடைக்கவே முடியாமல் நின்றால் சீல் போய்விட்டது. அப்போதும் சட்டத்தைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் மாற்றலாம்.

ரோலர் தேய்ந்தது, ரப்பர் பீடிங் இறுகிப்போனது, லாக் பிடிக்கவில்லை என்பவையெல்லாம் உதிரிபாகக் கணக்கு. அந்த மாடலுக்கு உதிரிபாகமே கிடைக்கவில்லை என்றாலோ, யூபிவிசி சட்டம் வளைந்து கதவு சாத்தாமல் நின்றாலோ மாற்ற வேண்டியதுதான். உள்ளே இரும்புக் குழாய் வைக்காத மலிவு யூபிவிசி, பெரிய அளவில் போட்டால் இப்படித்தான் வளையும்.

வேலையைத் தொடங்கும்போது

தை பிறந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது. மழைக்காலத்தில் சுவரைத் திறந்து போட்டுவிட்டு, ஃபேக்டரியிலிருந்து சட்டம் வரவில்லை என்று தார்ப்பாய் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அகலம், உயரம் இரண்டையும் மும்மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எதுவும் நேர்கோணத்தில் இருக்காது. “இதோட ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கிடலாம்” என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தூணில்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீட்டில், ஜன்னலுக்கு மேலே குறுக்காக நின்று சுவரைத் தாங்கும் லிண்டல் இருபுறமும் சுமார் அரை அடியாவது சுவர்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அகலப்படுத்தினால் அந்தப் பிடிமானம்தான் போகும். எல்லா கிரில்லையும் அசைக்க முடியாதபடி பொருத்திவிடுவதும் ஆபத்து. படுக்கையறை ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கிற கிரில் வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இருக்காது. அடுக்குமாடி என்றால் வெளித்தோற்றம் மாறுவதற்குச் சங்கத்திடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

கொட்டேஷனில் உடைப்பு வேலை, பூச்சு, கிரில், பெயிண்ட், குப்பை அகற்றல் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். பழைய ஜன்னலை “நாங்களே எடுத்துட்டுப் போயிடுறோம்” என்று இலவச உதவிபோலச் சொல்வார்கள். அது பர்மா தேக்காக இருந்தால் அதற்கென்று தனிச் சந்தையே உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய மரம் காரைக்குடியில் கடை கடையாக விற்பனையாகிறது. பழைய மரம் வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்து விலை கேட்ட பிறகு கழற்ற விடுங்கள்.