திருச்சி – லண்டன் எத்தனை கிலோமீட்டர்? வான்தூரம் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் ஸ்கேலை வைத்து அளப்பதுதான் முதல் தவறு. உருண்டையைத் தட்டையாக்கி வரைந்த படம் அது. மெர்கேட்டர் எனப்படும் அந்த வகைப் படத்தில் திருச்சிக்கும் லண்டனுக்கும் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 8,550 கி.மீ. ஆகும். உருண்டையின் மேல் உள்ள குறுக்குவழியான பெருவட்டப் பாதை 8,325 கி.மீ.தான். படத்தில் அது வடக்கே வளைந்து, சுற்றுவழிபோலத் தெரியும். வளைவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதைவிடப் பெரிய பிழை, இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வித்தியாசங்களை ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கி பித்தாகரஸ் போடுவது. விடை 9,880 என்று வரும்; 1,550 கி.மீ. அதிகம்! அட்சரேகைக்கு 111 எங்கும் பொருந்தும். தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன: ஒரு டிகிரி திருச்சியில் 109 கி.மீ., லண்டனில் 69.

அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பெருவட்டத் தூரத்தைத் தரும் ஹேவர்சைன் சூத்திரத்தை எக்செலில் போடுகிறவர்கள் மூன்று இடத்தில் வழுக்குகிறார்கள். டிகிரியை ரேடியனாக மாற்றாமல் சைன் எடுத்தால் விடை குப்பை. திருச்சி விமான நிலையத்தின் 10 டிகிரி 46 நிமிடத்தை 10.46 என்று எழுதக் கூடாது. 46-ஐ 60-ஆல் வகுத்தால் 0.77, ஆகவே 10.77. தீர்க்கரேகையிலும் 78 டிகிரி 43 நிமிடத்தை இப்படியே 78.43 என்று எழுதினால், விமானம் மணப்பாறைக்குத் தெற்கே எங்கோ ஒரு காட்டிலிருந்து கிளம்பும். மூன்றாவது, மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி. அதை விட்டால் நியூயார்க் கிர்கிஸ்தானுக்குப் போய்விடும். திருச்சியிலிருந்து 13,600 கி.மீ.க்கு மேல் வர வேண்டிய தூரம் 3,360 என்று வரும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் போதும், பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது.

ஊருக்கு ஊர் அளப்பதா, விமான நிலையத்துக்கு விமான நிலையமா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் நேர்தூரம் சுமார் 2,865 கி.மீ. ஆனால் நாகைக்காரர் கிழக்கே போக, முதலில் மேற்கே சுமார் 140 கி.மீ. சாலையில் திருச்சி வந்து, அங்கிருந்து 2,980 கி.மீ. பறக்கிறார். நடுவில் விமானம் மாறினால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியே அளந்து கூட்ட வேண்டும்.

அந்த 2,980 கி.மீ. என்பது 1,610 கடல் மைல். விமானத்துறையில் மைல் என்றால் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 390 கி.மீ. காணாமல் போகும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்து, வேகத்தால் பெருக்குவதும் உதவாது. இரவு 1 மணிக்குக் கிளம்பி காலை 8-க்கு இறங்கினால் 7 மணி நேரம் அல்ல. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பயணம் நாலரை மணி நேரம்தான். அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம் சேர்ந்திருக்கும்.

விடையைச் சரிபார்க்க 30 செ.மீ. விட்டமுள்ள பூமி உருண்டையும் ஒரு நூலும் போதும். இரு ஊருக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடியுங்கள். அதுவே பெருவட்டத்தில் படிந்துகொள்ளும். ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. சிங்கப்பூருக்கு 7 செ.மீ., லண்டனுக்கு 19.6 செ.மீ. வர வேண்டும்.